சைலன்சரை மாற்றும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் உழைக்கிற வண்டி. வயலுக்கு யூரியா மூட்டை போவதும், தோப்பிலிருந்து வாழைத்தார் வருவதும், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டுகள் கடை கடையாக ஏறி இறங்குவதும், பிள்ளைகள் டியூஷனுக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டிக்குத்தான் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை சைலன்சரை மாட்டும் ஆசை இளைஞர்களுக்கு வருகிறது. சத்தம் எப்படி, விலை என்ன, போலீஸ் பிடிக்குமா என்ற மூன்றைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. நாலாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: புதுசு ஏறிய பிறகு சென்டர் ஸ்டாண்டு வண்டியில் இருக்குமா? இருக்காது என்றால் அந்தச் சைலன்சர் இந்த ஊர் ஓட்டத்துக்கு நஷ்ட வியாபாரம் என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

சைலன்சருக்கும் ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். குனிந்து பார்த்தால் தெரியும். தினசரி ஓட்டத்துக்கான பல வண்டிகளில், மடக்கிய சென்டர் ஸ்டாண்டு வந்து முட்டி நிற்பதற்கென்று கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் உட்கார்ந்திருக்கும் தகடு பெரும்பாலும் சைலன்சரின் உடம்போடு பற்றவைக்கப்பட்டது. சைலன்சரைக் கழற்றினால் குமிழும் போய்விடும். அதன்பின் ஸ்பிரிங் இழுக்கிற இழுப்பில் ஸ்டாண்டு அளவுக்கு மேல் ஏறி, ஸ்விங் ஆர்மிலோ செயினிலோ உரசும். மேடு பள்ளத்தில் தடதடக்கும். முழு செட்டாக வாங்கினால், எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வருகிற புது பெண்ட் பைப் ஸ்டாண்டு மடங்கும் இடத்திலேயே குறுக்கே போவதும் உண்டு. அப்போது ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற சுலபமான தீர்வு, ஸ்டாண்டைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவது. சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே சென்டர் ஸ்டாண்டு இல்லாமல்தான் வருகின்றன. 2012-ல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் டியூக் 200-ல் சைலன்சர் எஞ்சினுக்கு அடியிலேயே இருந்தது. அங்கே ஸ்டாண்டுக்கு இடமே கிடையாது. யமஹா எம்டி-15-லும் இல்லை. எடை குறையும், வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையில் தட்டாது என்பவை தயாரிப்பாளர்களின் நியாயங்கள். விளையாட்டு வண்டிக்கு அவை சரி. மூட்டை சுமக்கிற வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஸ்டாண்டு போனால் என்ன போகிறது என்பதை நம் ஊர் நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிசானப் பருவ நெல் நடவு சமயத்தில் வரப்போரம் வண்டியை நிறுத்தினால், சைடு ஸ்டாண்டின் ரூபாய் நாணய அளவுப் பாதம் ஈர மண்ணில் மெல்ல இறங்கும். வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் காலில் இல்லை, இரண்டு டயர்களிலும்தான் என்றாலும், சாய்மானம் கூடக் கூடப் பாரம் அந்தப் பக்கமே சேரும். பின் சீட்டில் மூட்டை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஏற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் ஒற்றை ஆள் ஏற்றிக் கட்டிவிடலாம். அடுத்து செயின். மண்ணும் மழைத் தண்ணீரும் படுகிற செயினைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். பின் சக்கரம் தூக்கி நின்றால் கையால் சுற்றிக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை அது. இல்லையென்றால் வண்டியை முழம் முழமாக உருட்டி உருட்டிச் செய்ய வேண்டும். உருட்டச் சோம்பி விடுவதால் செயினும் ஸ்பிராக்கெட்டும் காலத்துக்கு முன்பே தேயும். ட்யூப் உள்ள பின் சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைத் தூக்கியாக வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடையில் ஜாக்கியோ மரக்கட்டையோ தேட வேண்டியிருக்கும். ஆயில் மட்டம் பார்ப்பதிலும் கோளாறு வரும். வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கையில் ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கக் கண்ணாடித் துளையில் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

இவ்வளவையும் விட்டுக்கொடுத்துப் பெறுவது என்ன? ‘பிக்கப் கூடும்’ என்பது முதல் பதில். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தில் அது எதிர் அலையாகத் திரும்பி வந்து, சரியான நேரத்தில் வால்வை எட்டினால் மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே இழுக்கும். எந்த வேகச் சுழற்சியில் அந்தச் சரியான நேரம் அமைய வேண்டும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. கம்பெனி அதை ஊர் ஓட்டத்துக்கு ஏற்ற நடு வேகத்தில் வைத்திருக்கிறது. அகலக் குழாய் அந்த உதவியை மேல் வேகத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு பேரோடும் ஒரு மூட்டையோடும் நாற்பதில் போகிறவருக்குக் கீழ் இழுவைதான் வேண்டும், அது குறையும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீரான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் சொல்கிறபடி எஞ்சின் கணினி பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போது, ஏற்கெனவே பதித்துவைத்த கணக்கின்படிதான் ஊற்றும். அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்குப் போட்டது. புதியதில் காற்றோட்டம் கூடினால் கலவை மெலிந்து சூடு ஏறும். ஆக்ஸிலேட்டரை விடும்போது வருகிற ‘பட் பட்’ வெடிப்பைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். எரியாமல் தப்பிய பெட்ரோல் குழாய்க்குள் எரிவதுதான் அது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள் இருக்கிற வண்டியானால், சைலன்சரோடு அதுவும் போய், கார்பன் மோனாக்சைடு நேராகத் தெருவுக்கு வரும். எடை குறைவதென்னவோ உண்மை. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நொடிக் கணக்குக்காக ஓட்டுகிறவருக்கு அது பெரிய லாபம். பாபநாசம் போய்த் திரும்புகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டாவது பதில் பாதுகாப்பு. சத்தம் இருந்தால்தான் பஸ்காரருக்கும் லாரிக்காரருக்கும் நாம் வருவது தெரியும் என்கிறார்கள். இதை மனதார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் ஒதுக்கிவிடாமல் பார்க்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை தந்தது. நான்கில் மூன்று பங்குக்கும் மேலான ஆபத்துகள் ஓட்டுகிறவரின் நேர் முன்னே, இரு பக்கமும் 45 பாகைக்குள்ளிருந்தே வந்தன என்று அது சொல்கிறது. சைலன்சரோ பின்னால் பார்த்துச் சத்தம் போடுகிறது. எதிரே வருகிறவருக்குக் கேட்பதைவிட, ஏற்கெனவே கடந்து போன வீட்டுக்குத்தான் அதிகம் கேட்கும். முன்னால் இருப்பவரை எச்சரிக்க ஹாரனும் பகலிலும் எரிகிற முகப்பு விளக்கும் இருக்கின்றன.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, ‘ஆர்.சி. புத்தகத்தில் சைலன்சரா எழுதியிருக்கிறது?’ என்று வாதிடுவார்கள். எழுதாவிட்டாலும், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு சத்த, புகை அளவுகளை மீறி ஓட்டுவதையே குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு லைசென்சும் போகும். புகையைச் சைலன்சர் வழியே விடாமல் வெட்டி வெளியேற்றுகிற அமைப்புக்கு 194எஃப் பிரிவில் 1,000 ரூபாய், மறுபடி செய்தால் 2,000. 80 முதல் 175 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை விட்டு வரும்போது 77 டெசிபல், அதற்கு மேற்பட்டது 80 டெசிபல் என்பது வரம்பு. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதால், 80-ல் இருந்து 100-க்குப் போகிற வண்டி நூறு மடங்கு ஆற்றலைத் தெருவில் கொட்டுகிறது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத் தெருக்களில் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, திண்ணையைத் தாண்டிக் கூடத்தில் படுத்திருக்கிற பெரியவரை எழுப்பிவிடும். அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனையும் தீர்த்தபதி பள்ளியும் இருக்கிற சாலைகளுக்கும் இதே கதிதான். மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சோலை மந்திகள் வாழ்கிற காடு அது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம், இதே போன்ற மலைப் பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களின் புகாரைக் கேட்டு, 2020 கோடையில் நின்ற நிலையில் 95 டெசிபலைத் தாண்டுகிற மோட்டார் சைக்கிள்களுக்குச் சில சாலைகளை மூடியது. தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்த வண்டிகளும் அதில் அடக்கம்.

அப்படியானால் சைலன்சரை மாற்றவே கூடாதா என்றால், மாற்ற வேண்டிய நிலை நிஜமாகவே வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய் வருகிற குட்டி ஓட்டங்களில் சைலன்சர் முழுக்கச் சூடாவதில்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கி, உள்ளிருந்து துரு தின்னும். அடிப்பக்கம் இருக்கிற சின்னத் துளை அந்தத் தண்ணீர் வடியத்தான். ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைப்பது தவறு. துருவேறி ஓட்டை விழுந்தால் முதல் தேர்வு கம்பெனி சைலன்சர்தான். விலை கட்டுபடியாகாமல் வெளியில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், பெண்ட் பைப்பையும் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் தொடாமல் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுகிற ஸ்லிப்-ஆன் வகை போதும். அதிலும் ஸ்டாண்டு ரப்பருக்கான தகடு இருக்க வேண்டும். சத்தம் அடக்கும் டிபி கில்லர் கழற்ற முடியாதபடி இருந்தால் நல்லது. ஐரோப்பிய ‘இ’ முத்திரை பதித்த சைலன்சர் அங்கே குறிப்பிட்ட ஒரு வண்டி மாடலோடு சேர்த்துச் சோதித்தது. அந்த முத்திரையைக் காட்டி எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்றால் நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டில், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற ஒரு பேடாக் ஸ்டாண்டு வாங்கி வையுங்கள். செயின் வேலைக்கு அது போதும். வயலோரம் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கத் தட்டையான ஒரு தகடு பெட்டிக்குள் இருக்கட்டும். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கும்படி, முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். ஆயில் பார்க்கும்போது இன்னொருவரை வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்டாண்டைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தகடு பற்றவைத்துத் திரும்ப மாட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். புதுசு வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன், புது சைலன்சரை மாட்டிய நிலையில் சென்டர் ஸ்டாண்டை ஒருமுறை போட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டு ஏறி இறங்கவில்லை என்றால் பழைய சைலன்சரையே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.