கொள்கலப் பதிவகமும் திறவுகோற் காவலும்

களஞ்சியத்தைப் பூட்டுதல் எளிது. அதன் திறவுகோலை யார் கையில், எத்துணைக் காலத்துக்கு ஒப்புவிப்பது என்று துணிதலே அரிது. பண்டகசாலைக்குரிய இவ்வுண்மை, மென்பொருளைச் சேமித்து வைக்கும் இக்காலப் பதிவகங்களுக்கும் பொருந்துவதாகும்.

ஒரு கணினியில் இயங்கும் மென்பொருள் பிறிதொன்றில் இயங்காதொழிதல் பலரும் அறிந்ததே. அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள் ஆங்கு இன்மையே பெரும்பாலும் இதற்குக் காரணமாம். இக்குறை நீங்குமாறு, மென்பொருளையும் அதற்கு வேண்டுவனவற்றையும் ஒருங்கே பொதிந்து வைக்கும் முறை எழுந்தது. அப்பொதி படிமம் எனப்படும். அஃது இயங்குங்கால் கொள்கலன் எனப் பெயர் பெறும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் கருவி இம்முறையை எங்கும் பரப்பிற்று. படிமங்களைச் சேமித்து வழங்கும் சேவையகமே பதிவகமாகும். தனியார் பதிவகத்திலே உரிமையுடையோர் மாத்திரம் படிமத்தைப் பெறலாம் ஆதலின், அங்கே அணுகற்சான்று வேண்டப்படுகின்றது.

இச்சான்றின் காவல் மூவகையாற் கெடுகின்றது. முதலாவது, எழுத்து மாற்றத்தைப் பூட்டென மயங்குதல். டொக்கர் கருவி, வேறு ஏற்பாடு செய்யப்படாதவிடத்து, கடவுச்சொல்லைப் பேஸ்64 என்னும் முறையில் ஒரு கோப்பிலே எழுதி வைக்கின்றது. இஃது எழுத்தின் உருவை மாற்றுவதேயன்றி மறைகுறியாக்கம் அன்று. கோப்பைக் கண்டவர் எவரும் நொடியில் மீட்டறியலாம். ஆகவே, இயங்குதளத்தின் பாதுகாப்புப் பெட்டகத்திற் சான்றை வைக்கும் துணைக்கருவியைக் கையாளுதல் வேண்டும்.

இரண்டாவது, திறவுகோலைப் படிமத்தினுள்ளேயே வைத்துவிடுதல். படிமம் பல அடுக்குகளால் ஆயது. கீழடுக்கில் எழுதிய கோப்பை மேலடுக்கில் அழிப்பினும், அது பார்வைக்கு மறையுமேயன்றி நீங்குவதில்லை. கோட்கவ் என்னும் நிறுவனத்துக்கு 2021இல் நேர்ந்த தீங்கு இதற்குச் சான்றாகும். படிமத்தை ஆக்கும் முறையிலிருந்த பிழையால் வெளிப்பட்ட சான்றொன்றை அயலார் கைப்பற்றி, வாடிக்கையாளர் பயன்படுத்திய நிரலை ஜனவரி 31 முதல் திருத்தலாயினர். ஏப்ரல் 1ஆம் நாளிலேயே அது கண்டறியப்பட்டது. அவ்விரு மாதங்களிலும் வாடிக்கையாளரின் திறவுகோல்களும் களவுபோதற்கு வழி திறந்திருந்தது. ஆக்கும் வேளையில் மாத்திரம் சான்றைக் காட்டி, அடுக்கில் எழுதாது விடும் வசதி டொக்கரிலே உண்டு. அதனைக் கைக்கொள்ளுதல் தக்கது.

மூன்றாவது, ஒரே சான்றை எல்லாப் பணிக்கும் எக்காலத்துக்கும் வழங்குதல். படிமத்தைப் பெற்று இயக்கும் கணினிக்கு வாசிக்கும் உரிமை போதும். பதிவகத்தில் இடும் உரிமை ஆக்கும் கணினிக்கே உரியது. காலவரையறையும் இன்றியமையாதது. அமேசன் நிறுவனத்தின் பதிவகம் வழங்கும் அனுமதி டோக்கன் 12 மணி நேரத்தில் தானே காலாவதியாகின்றது. களவாடியவர்க்கும் அவ்வளவே ஆயுள்.

நீண்டகாலச் சான்றை மாற்றுதற்கும் ஒரு முறைமை உண்டு. முதலிற் புதிய சான்றை ஆக்கி, எல்லா இடங்களிலும் பதித்து, படிமம் கிடைக்கின்றதா எனச் சோதித்த பின்னரே பழையதை நீக்குதல் வேண்டும். முறை பிறழின், இயங்கிக்கொண்டிருக்கும் கொள்கலன்கள் தொடர்ந்து இயங்க, புதிதாகத் தொடங்குவன மாத்திரம் படிமம் பெறாது நின்றுவிடும். அதனால் அன்று செய்த பிழை பல நாட் கழித்தே வெளிப்படுதலும் கூடும்.

2019 ஏப்ரலில், டொக்கர் நிறுவனத்தின் பொதுப் பதிவகத் தரவுத்தளம் ஒன்றினுள் அயலார் நுழைந்தமையால், ஏறத்தாழ 190,000 கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என அறிவிக்கப்பட்டது. கிற்ஹப் முதலிய தளங்களுக்குரிய டோக்கன்களும் அவற்றுள் அடங்கும். நிறுவனம் அவற்றைச் செல்லாதனவாக்கியமையால் மேலும் பரவக்கூடிய தீங்கு தடைப்பட்டது. காவல் எத்துணைச் சிறந்ததாயினும் களவு நேரலாம். ஆதலின், இன்று ஒரு சான்று களவுபோயின், அஃது எவ்வெவ்விடங்களில் உள்ளது, அதனை எத்துணை விரைவில் நீக்க இயலும் என்னும் வினாக்களுக்கு விடையுடையோரே பதிவகத்தைக் காக்க வல்லவராவர்.