திருப்பதிக்குக் கிடைத்த கடல்

கூட்டமில்லாத கரைகள் – 9

2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதிக்குக் கடற்கரை வந்து சேர்ந்தது. அரசாணை கொண்டுவந்து கொடுத்த கடற்கரை. ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரித்து அடுக்கியபோது, 1911இல் உருவான பழைய சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதியைத் தனியாக எடுத்து, நெல்லூரின் தென்கோடியான சூலூர்ப்பேட்டை வட்டாரத்தை அதோடு ஒட்டிவிட்டார்கள். நூற்றுப் பதினோரு வருஷம் மலையும் மாந்தோப்புமாக இருந்த ஜில்லாவில் ஒரு பகுதிக்கு வங்காள விரிகுடா சொந்தமாயிற்று. சித்தூர், பலமனேர், குப்பம் என்று மிஞ்சிய பகுதிக்கு அந்த யோகமும் இல்லை.

ஆனால் பழக்கம் அரசாணைக்கு மசியாது. கடல் பார்க்கவேண்டும் என்றால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் வேனைப் பிடித்துக்கொண்டு சென்னைக்குத்தான் போகின்றன. மலைமேல் நாளுக்கு அறுபது எழுபதாயிரம் பேர் நிற்கும் வரிசையில் நின்று சாமியைச் சேவித்துவிட்டு, அப்படியே மெரினாவுக்குப் போய் இன்னொரு கூட்டத்தில் நிற்பதில் என்ன சுகமோ! திருப்பதியிலிருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்குள், ஆள் அரவமில்லாத ஒரு நீர்வெளி கிடக்கிறது. பழவேற்காடு ஏரி. நம்மில் பலருக்கு அது தமிழ்நாட்டு ஏரி என்று நினைப்பு. உண்மையில் அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியும் முக்கியமான கடல் வாயும்தான் நம் பக்கம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது.

சித்தூர்ச் சீமையின் தண்ணீர் அரசாணைக்கெல்லாம் முன்னாலேயே இந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது. நகரி, நாகலாபுரம் மலைப்பக்கத்து மழை ஆரணி ஆறாகப் பிச்சாட்டூர் அணையில் தங்கி, சுருட்டப்பள்ளிக் கோயிலைத் தொட்டு, ஊத்துக்கோட்டையைத் தாண்டி இந்தக் காயலில்தான் விழுகிறது. சூலூர்ப்பேட்டையை ஒட்டி ஓடும் காளங்கியும் இங்கேதான் வருகிறது. சந்திரகிரிப் பக்கம் பிறந்து காளஹஸ்திக் கோயிலை உரசிக்கொண்டு போகும் சுவர்ணமுகி, கொஞ்சம் வடக்கே வாகாட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் மணல்தான் ஓடும் என்பது வேறு விஷயம்.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை இந்தக் காயலின் நடுவே போட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கரை மாதிரி தார்ச்சாலை. தமிழ்நாட்டிலோ ஆந்திரத்திலோ இதைவிட அழகான சாலைப் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதேசமயம், ஏரியைக் குறுக்கே அறுத்து நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று சூழலியலாளர்கள் குறைசொல்லும் சாலையும் இதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வெயில் ஏறும் முன் போகவேண்டும். தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு தெரியும். கண்ணைக் கசக்கிப் பார்த்தால் அந்தக் கோடு நடக்கும். பூநாரைகள். இங்கே தெலுங்கில் ராஜஹம்ச என்கிறார்கள்.

இத்தனை பூநாரை இங்கே வரக் காரணம் ஏரி ஆழமில்லாமல் இருப்பதுதான். சராசரியாக ஒரு மீட்டர் தேறினால் அதிகம். கோடையில் வடபகுதி வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். பூநாரைக்கு இந்தச் சேறுதான் சமையற்கட்டு. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியும் பொடி இறால் போன்ற உயிரிகளும் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் சிறகின் சிவப்பு. இரை மாறினால் நிறம் வெளுத்துப்போகும். பெரிய பூநாரைகள் கட்ச்சின் ரண் வெளியில் மண்ணைக் குவித்துக் கூடு கட்டுபவை. இங்கே வருவது சாப்பிட மட்டும். திருப்பதிக்கு வருகிறவர்களில் பலரும் லட்டுக்காக வருவதுபோல என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் மலையடிவாரத்துக்காரர், அவருக்கு உரிமை உண்டு.

கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வரும் கூட்டத்தைப் பார்க்க நேலப்பட்டுக்குப் போகவேண்டும். சூலூர்ப்பேட்டைக்கும் நாயுடுபேட்டைக்கும் நடுவில், தொரவாரிசத்திரம் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு 458.92 ஹெக்டேர். வேடந்தாங்கல் பார்த்தவர்களுக்கு ஏரிக்குள் தண்ணீரில் நின்றே வளரும் கடப்ப மரங்கள் உடனே அடையாளம் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூழைக்கடாக்கள் அந்த மரங்களில் குடியேறும். கூடவே நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம். கூழைக்கடா பகலில் பழவேற்காட்டுக்குப் பறந்து போய் மீன் பிடித்துவந்து குஞ்சுக்கு ஊட்டும். அதாவது காயல் சாப்பாடு போடுகிறது, ஏரி வீடு கொடுக்கிறது. இரண்டில் ஒன்று கெட்டாலும் பறவை வராது. ஊர்க்காரர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். பறவை வந்தால் விளைச்சல் என்ற நம்பிக்கையின் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

இவ்வளவு அமைதி இந்தக் கரைக்கு எப்படி வந்தது? சுற்றுலாத் துறை நினைத்து உண்டாக்கியது இல்லை. தடைகள் போட்ட அமைதி இது. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவை 1969இல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் மேலே போனது. இன்று சதீஷ் தவன் விண்வெளி மையத்தின் வசம் சுமார் 43,360 ஏக்கர். அதன் கடற்கரை மட்டும் 50 கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டரில் பஜ்ஜிக் கடை இல்லை, ரிசார்ட் இல்லை, இறால் பண்ணை இல்லை. முன்பு சென்னை அடுப்புகளுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக விறகு அனுப்பிய காடு, இப்போது வேலிக்குள் தழைத்திருக்கிறது.

அந்தக் காட்டிலேயே வாழ்ந்த யானாதிகள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கவேண்டும். தேனும் கிழங்கும் மீனுமாக இருந்த பழங்குடிகள் அவர்கள். ஏவுதளம் வந்தபோது பலர் இடம் பெயர்ந்தார்கள். ஆளில்லாத கரையைப் பார்த்து நாம் ஆஹா என்கிறோமே, சில இடங்களில் அது ஆளை எடுத்த பிறகு வந்த அழகு. ஏவும் நாளில் மீனவர்களும் கடலுக்குள் போகக்கூடாது. சூலூர்ப்பேட்டை செங்காளம்மனுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னால் இஸ்ரோ தலைவர்களே அவளிடம் போய் நிற்கிறார்கள்.

நமக்கு அனுமதி உள்ள இடம் ஏவுதலைப் பார்ப்பதற்கான அரங்கம். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி பிஎஸ்எல்வி-சி45 ஏவப்பட்டபோதுதான் முதல்முறையாக அங்கே பொதுமக்களை உட்காரவைத்தார்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ராக்கெட் நாளில் இந்தச் சாலையில் பறவை பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். சாலை முழுக்க வண்டிதான் இருக்கும்.

அதே எச்சரிக்கை பூநாரைத் திருவிழாவுக்கும். ஜனவரி வாக்கில் சூலூர்ப்பேட்டை, நேலப்பட்டு, பீமுலவாரிபாளையம் மூன்று இடத்திலும் அரசு நடத்துவது. இடையில் சில வருஷம் நின்றுபோய் 2025 ஜனவரியில் மறுபடியும் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் பறவைக்கு விழா எடுக்கிறேன் என்று ஒலிபெருக்கி கட்டுவது எனக்குப் புரியாத பக்தி. அமைதி தேடுகிறவர்கள் அடுத்த வாரம் போகலாம். பறவை அங்கேதான் இருக்கும்.

தடாவை ஒட்டிய பீமுலவாரிபாளையத்தில் படகு உண்டு. இரக்கம் தீவுக்கு அங்கிருந்துதான் போகிறார்கள். தமிழ் பேசினாலே காரியம் நடக்கும். "ஆழம் இடுப்பளவுதான் சார். ஆனா விழுந்தா சேறு காலை விடாது" என்றார் படகுக்காரர். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில் குழந்தையை ஏற்றாதீர்கள். படகுக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டு வாங்குங்கள்.

அலையில் கால் நனைத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு வாகாட்டுப் பக்கம் தூப்பிலிபாளையம் இருக்கிறது. மீனவர் படகுகள், நீண்ட மணல், அவ்வளவுதான். குடிக்கத் தண்ணீர்கூடக் கையோடு கொண்டுபோவது நல்லது. இந்தக் கடலில் நீந்த இறங்கவேண்டாம். இழுப்பு அதிகம், காப்பாற்ற ஆள் கிடையாது.

அதே கரையில்தான் துர்கராஜபட்டினம். 1626 வாக்கில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்க உட்கார்ந்து, பிறகு கோட்டையும் கட்டிய ஊர். அவர்கள் வாயில் ஆர்மகான். பிரான்சிஸ் டே இங்கே பொறுப்பில் இருந்தபோதுதான் தெற்கே போய் மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்தார். கம்பெனி கிளம்பியது, ஊர் சிறுத்தது. இங்கே பெரிய துறைமுகம் கட்டலாம் என்ற பேச்சு அவ்வப்போது தலைகாட்டுகிறது. பக்கத்தில் ராக்கெட் தளமும் பறவை ஏரியும் இருப்பதால் இழுபறியாகிறது. கம்பெனி இங்கேயே தங்கியிருந்தால் இன்று மெரினாக் கூட்டம் துர்கராஜபட்டினத்தில் இருந்திருக்கும். சென்னைக்காரர்கள் அமைதி தேடி மயிலாப்பூர்க் கரைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் இதே ஏரியின் நம் பக்கம்: டச்சுக்காரர்களின் கல்லறைகளும், மணல் அடைத்துக்கொள்ளும் முகத்துவாரமும்.