புகையடுப்புக்குச் சாம்பலே காப்பு

கோடையில் ஏரியும் பண்ணைக்குட்டையும் வற்றும்போது மீன் மொத்தமாகக் கரையேறுகிறது, விலையும் இறங்கிவிடுகிறது. அப்போது மீனையும் நாட்டுக்கோழியையும் புகையில் வேகவைத்துப் பக்குவப்படுத்தலாம். லட்சத்தீவு மக்கள் சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்துத்தான் மாசி செய்கிறார்கள். வீட்டளவில் இதற்கு 200 லிட்டர் இரும்பு பேரலும், அதை ஒட்டிக் கட்டிய தீயறையும் போதும். தீயறை சரியில்லாவிட்டால் விறகும் வீண், மீனும் கசக்கும்.

ஏன் கசக்கிறது?

வெப்பம் வெளியே கசிந்தால் தீ மந்தமாகும். விறகு முழுதாக எரியாமல் அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பும். அதிலுள்ள தார் மீனில் படியும். தீயறை சூடாக இருந்தால் மெல்லிய நீலப் புகை வரும். அதுவே நல்ல புகை.

எதில் கட்டுவது?

உட்சுவருக்கு நன்கு வெந்த செங்கல் ஏற்றது. அரியலூர்ப் பக்கம் எளிதில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தீ படும் இடத்தில் வைக்கக் கூடாது. கடும் சூட்டில் அது நீறாகி, ஈரம் பட்டதும் உப்பி உதிரும். சிமென்ட் பூச்சும் அந்தச் சூட்டில் வலுவிழக்கும். பெரம்பலூர் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். எனவே புற்றுமண்ணுடன் மணலும் நறுக்கிய வைக்கோலும் கலந்து புளிக்கவைத்த சேறே பூச்சுக்கு நல்லது.

கட்டும் முறை

தீயறையின் உள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 செ.மீ. இருக்கட்டும். அது பேரலின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. உட்சுவரைச் சுற்றி 3 அங்குல இடைவெளி விட்டு வெளிச்சுவர் எழுப்பி, இடைவெளியில் நன்கு எரிந்த உலர்ந்த உமிச் சாம்பலை நிரப்ப வேண்டும். அடித்தளத்துக்குக் கீழும் அதையே பரப்ப வேண்டும். சுவர் தடித்தால் வெப்பம் நிற்கும் என்பது தவறான எண்ணம். கனத்த சுவர் வெப்பத்தைக் குடிக்கும். சாம்பலுக்குள் அடைபட்ட காற்றே வெப்பத்தைத் தடுக்கும். பச்சை உமியைப் போட்டால் உள்ளேயே கனன்று எரியும். சாம்பலில் மழைநீர் இறங்காதபடி மேல்பக்கத்தை மூடுவது அவசியம்.

கம்பிச் சல்லடைக்குக் கீழே காற்று வாயும், அதைத் திறந்து மூட ஒரு தகடும் வேண்டும். புகை, பேரலின் அடிப்பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் மேலே வெளியேறட்டும். கட்டி முடித்து ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, முதல் சில நாட்கள் சிறு தீ மட்டும் மூட்டினால் வெடிப்பு வராது.

கவனம்

பூச்சிமருந்து டிரம், துத்தநாக முலாம் பூசிய தகடு இரண்டும் ஆகாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் முந்திரி ஓட்டையும் எரிக்கக் கூடாது. அதன் எண்ணெய் தோலையே புண்ணாக்கும். காய்ந்த சீமைக்கருவேல் விறகு நல்லது. அமெரிக்காவில் இறைச்சிக்குப் புகையூட்டும் மெஸ்கீட் மரம் இதன் உறவுதான்.

மீனின் நடுப்பகுதி 65 டிகிரியையும், கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸையும் எட்ட வேண்டும். இப்படி வெந்தது கருவாடு ஆகிவிடாது. ஈரம் மிச்சமிருப்பதால் அன்றே விற்கவோ உண்ணவோ வேண்டும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.