பூஞ்சணங்கள் யாவும் ஒன்றல்ல

மாரி காலத்தில் நெல், கச்சான், கொப்பரை ஆகியவற்றில் படரும் பூஞ்சணத்தைக் கமக்காரர் யாவரும் அறிவர். அதனைத் துடைத்துவிட்டு உண்பாரும் உளர். பழுதானதை மாட்டுக்கு இடுவாரும் உளர். மேல்நாட்டார் பூஞ்சணம் பிடித்த பாற்கட்டியை விரும்பி உண்கின்றனரே என வினவுவோரும் உண்டு. ஆகவே, நன்மை தரும் பூஞ்சணம் எது, தீமை தருவது எது என்பதை அறிதல் அவசியமாகும்.

நீலப் பாற்கட்டி

திருகோணமலைப் பகுதியில் எருமைப்பாலை உறையிட்டுத் தயிராக்குகின்றனர். பிரான்சு நாட்டின் றொக்போர் என்னும் ஊரிலோ, செம்மறியாட்டுப் பாலைத் திரையச் செய்து கட்டியாக்கி, ஒருவகைப் பூஞ்சணத்தைச் சேர்த்துக் குளிர்ந்த மலைக்குகைகளில் முதிர விடுகின்றனர். கட்டியினுள் நீல நரம்புகள் போல் படரும் இப்பூஞ்சணம் 'பெனிசிலியம் றொக்போர்ட்டி' எனப்படும்.

இவ்வோர் இனத்துள்ளும் பல பிரிவுகள் உண்டு. றொக்போர்ப் பாற்கட்டிக்குரியது ஒன்று. பிற நீலப் பாற்கட்டிகளுக்குரியது மற்றொன்று. குழியிலிட்ட பசுந்தீவனத்திலும், மரத்திலும், பழுதான உணவிலும் வளர்பவை வேறு. பாற்கட்டிக்குரியவை, கமக்காரர் விதைநெல்லைத் தெரிவது போல, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. அங்ஙனம் சிலவற்றையே பெருக்கியதால் அவற்றின் பல்வகைமை குன்றிவிட்டது. ஒரே நெல்லினத்தை எங்கும் விதைப்போரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

உறவினருள் நஞ்சு

யப்பானியர் சோயாக் குழம்பு செய்யப் பயன்படுத்தும் 'அசுப்பெர்கிலசு ஒரைசே' என்னும் பூஞ்சணம் நஞ்சற்றது. அதன் நெருங்கிய உறவான 'அசுப்பெர்கிலசு பிளேவசு' கச்சானிலும், சோளத்திலும், கொப்பரையிலும், செத்தல் மிளகாயிலும் வளர்ந்து அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கவல்லது. இந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நெடுநாள் உண்டால் ஈரற் புற்றுநோயும் உண்டாகலாம்.

1960 இல் இங்கிலாந்தில், பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கைத் தின்று ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. 1974 இல் இந்தியாவின் இராசத்தான், குசராத்துப் பகுதிகளில், மழையில் நனைந்து பழுதான சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

செய்ய வேண்டியவை

1. அறுவடை செய்த விளைபொருளை நிலத்திற் குவிக்காது, படங்கின்மீது மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. மழையும் இரவுப் பனியும் படாது மூடி வைக்க.

2. களஞ்சியத்தில் சேர்க்கும்போது நெல்லின் ஈரலிப்பு நூற்றுக்கு 14 பங்குக்கும், கச்சான் பருப்பின் ஈரலிப்பு 7 அல்லது 8 பங்குக்கும் மேற்படலாகாது.

3. மூட்டைகளைச் சுவரோடு சேர்க்காது, மரச்சட்டங்களின்மீது அடுக்குக. கடற்காற்றின் ஈரலிப்பு மிகுந்த கரையோரத்தில் இது மிக அவசியம்.

4. நிறம் மாறிய, சுருங்கிய, பூச்சி துளைத்த பருப்புகளைப் பொறுக்கி நீக்குக. அவற்றை எண்ணெய்க்கும் ஆட்டலாகாது.

5. பூஞ்சணம் பிடித்ததைக் கழுவுவதாலோ அவிப்பதாலோ நஞ்சு நீங்காது. அதனைக் கறவை மாட்டுக்கு இட்டால் நஞ்சு பாலிலும் கலக்கும். அப்பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தையே.

பாற்கட்டியிலுள்ளது தெரிந்து வளர்த்த பூஞ்சணம். மூட்டையிற் படர்வது இன்னதென்று கண்ணாற் பார்த்துக் கூறவியலாது. ஆதலின் ஐயமுள்ளதை உண்ணாது விடுதலும், விளைவை நன்கு உலர்த்திச் சேமித்தலுமே பாதுகாப்பாகும்.