ஆறு இறக்கி வைத்த செல்வம்

மாணவர்களே, கனமழை பெய்த மறுநாள் ஈப்போ பாலத்தில் நின்று கிந்தா ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய டவுனுக்கும் புதிய டவுனுக்கும் இடையே ஓடும் அந்த நீர் தே தாரேக் நிறத்தில் இருக்கும். அது தண்ணீரின் நிறம் அல்ல, மண்ணின் நிறம். எங்கோ ஒரு மேட்டு நிலம் உங்கள் கண்முன்னே இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

ஆறு மூன்று வேலைகளைச் செய்கிறது: அரிக்கிறது, சுமக்கிறது, இறக்கி வைக்கிறது. எந்த வேலையை எங்கே செய்யும் என்பதைப் பெரும்பாலும் நீரின் வேகமே முடிவு செய்கிறது.

மலையில் அரிப்பு

கிந்தா ஆறு 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே சரிவு அதிகம். வேகமாக இறங்கும் நீர் கற்களை உருட்டிச் செல்ல, அவை ஆற்றின் அடித்தளத்தை உளிபோலக் கொத்துகின்றன. ஆறு கீழ்நோக்கி ஆழமாகிறது. ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் பள்ளத்தாக்கு உருவாகிறது.

சமவெளியில் படிவு

தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி ஈப்போவை நெருங்கும்போது சரிவு குறைகிறது. வேகமும் குறைகிறது. சுமக்க முடியாதவற்றை ஆறு இறக்கி வைக்கத் தொடங்குகிறது. முதலில் கற்கள், பிறகு மணல், கடைசியில் நுண்ணிய களிமண்.

இந்த வரிசையில்தான் பேராக்கின் வரலாறு அடங்கியிருக்கிறது. மலைப் பாறைகள் சிதைந்தபோது அவற்றிலிருந்த ஈயத் தாதும் வெளிப்பட்டது. அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு. சாதாரண மணலுக்கோ சுமார் 2.6 மடங்குதான். அதனால் நீர் மணலை இழுத்துச் சென்றது; ஈயத் தாது பின்தங்கி, பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் தங்கியது. டூலாங் தட்டில் மண்ணை நீரோடு சுழற்றி ஈயம் பிரித்த பெண்கள், ஆறு செய்த அதே வேலையைத்தான் கையால் செய்தார்கள்.

தெலுக் இந்தான் வளைவு

கிந்தா, பேராக் ஆற்றில் கலக்கிறது. தாழ்ந்த சமவெளியில் அந்த ஆறு வளைந்து நெளிந்து செல்கிறது. தெலுக் இந்தான் அப்படியொரு பெரிய வளைவில் அமைந்த ஊர். வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். உட்கரையில் மெதுவாக ஓடி மண்ணைச் சேர்க்கும். அதனால் வளைவு மெல்ல மெல்லப் பெரிதாகும்.

மனிதன் ஏற்றிய சுமை

ஈயச் சுரங்கங்களில் விசைநீர் பாய்ச்சி மண்மேடுகளைக் கரைத்தார்கள். ஈயம் எடுத்தபின் எஞ்சிய மணலும் சேறும் ஆறுகளில் சேர்ந்தன. தொடக்ககால ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாதபடி நிலத்தைச் செதுக்கி வைத்தார்கள். நம் முன்னோர் பலர் செய்த வேலை அது. வேர்ப்பிடிப்பு இல்லாத அந்த மண்ணை மழை எளிதாகக் கழுவிச் சென்றது. பிறகுதான் மண்ணைக் காக்க மரங்களுக்கிடையே மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலத்தில் ஈப்போ வரை படகுகள் வந்து சென்றன. வண்டல் சேரச் சேர ஆற்றின் அடித்தளம் உயர்கிறது, ஆழம் குறைகிறது. அடுத்த கனமழையில் ஆற்றுக்குள் இடம் போதாமல் நீர் கரையேறி வீடுகளுக்குள் புகுகிறது. மேட்டில் செய்த தவற்றின் பலனைப் பள்ளத்தில் இருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களைப் படுக்கவைத்து மேற்புறத்தை வெட்டுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றொன்றில் புல்லோடு பெயர்த்த மண் நிரப்புங்கள். போத்தலின் வாய் கீழ்நோக்கிச் சரியும்படி வைத்து, ஒரே அளவு நீரை மெதுவாக ஊற்றுங்கள். வழிந்துவரும் நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஒப்பிடுங்கள். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று கலங்கலாகவும் இருப்பது ஏன்? அடுத்த மழைக்குப் பின் உங்கள் ஊர் ஆற்றைப் பார்த்து நீங்களே விடை சொல்லுங்கள்.