சாலையும் சட்டமும் – 7: ஒரு ராத்திரிக் காவல் போதாது

டிசம்பர் 31 இரவு சென்னையின் முக்கியச் சாலைகளில் பேரிகார்டுகள் நிற்கும். வண்டிகளை ஓரங்கட்டி, ஓட்டுநர்களைக் கருவியில் ஊதச் சொல்வார்கள். எத்தனை பேர் மீது வழக்கு என்ற கணக்கு மறுநாள் செய்தியாகும். பிறகு அந்தப் பேச்சு தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் திரும்ப எழும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை விடுமுறை நாளின் குற்றமாக மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கம், கடுமையான ஒரு சட்டத்தை ஆண்டின் பெரும்பகுதி தூங்கவைத்துவிடுகிறது. தண்டனையை இன்னும் கூட்டுவதைவிட, எந்த நாளிலும் பிடிபடலாம் என்ற நிலையை உண்டாக்குவதே உயிர்களைக் காக்கும் என்பது என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80 மில்லிகிராம். ஏட்டளவில் நம் சட்டமே கண்டிப்பானது. முன்பு முதல் குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாயைத் தாண்டாது. 2019 செப்டம்பர் 1 முதல் அது 10,000 ரூபாய். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மீண்டும் பிடிபட்டால் 15,000 ரூபாய் அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் பறிபோகலாம். குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. அதைக் கொண்டுதான், குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர் மீதும் வழக்குப் பாயும் என்று 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை அறிவித்தது. ஆக, தண்டனையில் குறையில்லை. அது தன் மீது பாயும் என்று குடித்தவர் நம்புகிறாரா என்பதே கேள்வி.

இதற்கு இரண்டு நாடுகளின் அனுபவம் பதில் சொல்கிறது. பிரிட்டனில் 1967 அக்டோபரில் மூச்சுப் பரிசோதனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் வார இறுதி இரவுகளின் விபத்துகள் சட்டென்று குறைந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பலன் தேய்ந்துபோனது. இதை ஆராய்ந்த லாரன்ஸ் ராஸ் தந்த விளக்கம் எளிமையானது: தொடக்கத்தில் மக்கள் பிடிபட்டுவிடுவோம் என்று பயந்தார்கள், அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது தெரிந்ததும் பயம் விட்டுப்போனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பர் 17 அன்று, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, வேறு வழியில் இறங்கியது. சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் அதிகாரத்தைக் காவல் துறை பெற்றது. அடுத்த ஆண்டில் அங்கே சாலைச் சாவுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பண்டிகையோடு கடையைக் கட்டிவிடாமல் ஆண்டு முழுக்க, கண்ணில் படும்படி, இடம் மாற்றி மாற்றிச் சோதனையைத் தொடர்ந்ததால்தான் அந்தப் பலன் நிலைத்தது.

நம் சட்டத்தின் 203ஆவது பிரிவோ, ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம் என்கிறது. தள்ளாடாமல், நாக்குக் குழறாமல் பேசத் தெரிந்தவர் தப்பிவிட இது இடம் தருகிறது. இன்னொரு ஓட்டை, நேரம் சம்பந்தப்பட்டது. ரத்தத்திலுள்ள ஆல்கஹாலை உடல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைக்கிறது. நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 6 மணிக்கு 60 இருக்கும். சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு. 30க்கு இறங்க மணி எட்டாகிவிடும். காபியோ மோரோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ இதைத் துரிதப்படுத்தாது. தூங்கி எழுந்துவிட்டோம், தெளிந்துவிட்டது என்று நம்பி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுகிறவர் சட்டப்படி குற்றவாளியாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் பேரிகார்டுகள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

எல்லோரையும் ஊதச் சொன்னால் தனிமனித உரிமை என்னாவது என்று சிலர் கேட்பார்கள். விமான நிலையத்தில் ஒவ்வொருவரையும் சோதிக்கிறார்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆள் பார்த்துச் சந்தேகப்படுவதைவிட எல்லோருக்கும் ஒரே விதி என்பது மரியாதையானது. இது லஞ்சத்துக்கு வழி திறக்கும் என்ற அச்சம் உண்மையானது. அளவை அச்சிட்டுத் தரும் கருவியும், அங்கே நடப்பதைப் பதிவு செய்யும் கேமராவும் கட்டாயமானால் பேரத்துக்கு இடம் குறையும். கூலி வேலை செய்பவருக்கு 10,000 ரூபாய் தாங்க முடியாத சுமை என்பதையும் நான் மறுக்கவில்லை. அதனாலேயே அபராதத்தை மேலும் உயர்த்தச் சொல்வதை எதிர்க்கிறேன். பிடிபடுவது உறுதியாகும்போது குற்றம் குறையும். அபராதம் கட்ட வேண்டியவர்களும் குறைவார்கள். டாஸ்மாக் கடைகள் மூலம் அரசே மதுவை விற்றுக்கொண்டு தண்டிக்கலாமா என்ற கேள்விக்கும் நியாயம் உண்டு. ஆனால் அது அரசின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிர, ஓட்டுநரின் பொறுப்பைக் குறைப்பதில்லை. விற்கிற அரசு, குடித்தவர் வீடு திரும்ப இரவுப் பேருந்துக்கும் வழி செய்ய வேண்டும்.

203ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். சோதனையைச் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கும், பண்டிகைக்கு மறுநாள் காலைக்கும் கொண்டுபோக வேண்டும். குடித்தவர் வண்டிச் சாவியைத் தொடும் நொடியில் அவர் மனத்தில் ஓடும் கணக்குதான் எதிரே நடந்து வருகிற ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மாற்றினால்தான் சட்டம் உயிர்பெறும்.

குடித்தவர் ஓட்டிய வண்டி மோதினால் இழப்பீட்டை யார் தருவது? இன்சூரன்ஸ் நிறுவனமா, வண்டியின் உரிமையாளரா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)