களஞ்சியம் காத்த மங்கையர்

இறைவன் உறையும் சந்நிதியோடு ஒரு வழிபாட்டுத் தலம் முடிந்துவிடுவதில்லை. தானியம் சேர்க்கும் களஞ்சியம், நிலத்துக்கு நீர் கொணரும் வாய்க்கால், அவற்றால் வாழும் குடிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அத்தலத்தைத் தாங்குகின்றன. நம் ஊர்க் கோயில்களை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. இவ்வுண்மையை உணர்ந்து, அழிந்துகொண்டிருந்த ஒரு தலத்தின் களஞ்சியத்தையும் வாய்க்காலையும் விலை கொடுத்து மீட்ட பெண்களின் வரலாறு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த சான் அன்டோனியோ நகரில் நிகழ்ந்தது.

அப்பகுதி ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்த 18-ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கரான பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் அங்கே ஆற்றங்கரையோரம் சமய நிலையங்களை நிறுவினர். தேவாலயம், குடியிருப்பு, களஞ்சியம், பாசனக் கால்வாய் ஆகியவை ஒருங்கே அமைந்த அந்நிலையங்களை எழுப்பியது, அங்கே குடியமர்த்தப்பட்ட பழங்குடி மக்களின் உழைப்பு. 1720-இல் தோன்றிய சான் ஹோசே அவற்றுள் தலைசிறந்தது. காலப்போக்கில் பராமரிப்புக் குன்றியது. 1868-இல் அதன் தேவாலயத்தின் வடபுறச் சுவர் சரிந்தது. சில ஆண்டுகளில் கவிகை மாடமும் கூரையும் வீழ்ந்தன. 1928-இல் மணிக்கோபுரமும் இடிந்தது.

இதற்கிடையே நகரிலும் பழமைக்கு ஆபத்து நேர்ந்தது. 1921-இல் ஏற்பட்ட பெருவெள்ளம் ஏறத்தாழ ஐம்பது உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் வெள்ளத் தடுப்புப் பணிகளும் சாலை விரிவாக்கமும் வேகம் பெற்றன. 1859-இல் கட்டப்பட்ட, தூண்கள் அழகு செய்யும் பழைய சந்தை மண்டபம் இடிபடவிருந்தது. அதைக் காக்க 1924 மார்ச்சில் பெண்கள் ஒன்றுகூடி, சான் அன்டோனியோ பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். முன்னின்றவர்கள் ரீனா மேவரிக் கிரீன், எமிலி எட்வர்ட்ஸ் என்னும் இரு ஓவியர்கள். எட்வர்ட்ஸ் முதல் தலைவியானார்.

நகர நிர்வாகிகளிடம் மனுவோடு நில்லாமல், அவர்கள் முன்னிலையில் ஒரு பொம்மலாட்டத்தையும் அப்பெண்கள் அரங்கேற்றினர். பொன் முட்டையிடும் வாத்தின் கதையே அதன் கரு. நகரின் தொன்மையே அந்த வாத்து. அதைக் கொன்றுவிட்டால் பின்பு முட்டைக்கு எங்கே போவது என்பதே ஆட்டம் எழுப்பிய வினா. எனினும் சந்தை மண்டபம் பிழைக்கவில்லை. மறு ஆண்டே அது இடிக்கப்பட்டது.

எந்தக் கட்டடத்துக்காகச் சங்கம் பிறந்ததோ, அதுவே கைநழுவியது. அத்துடன் கலைந்துபோகாமல், உறுப்பினர்கள் அடுத்த பணிக்குத் திரும்பினர். வேண்டுகோள் விடுப்பதோடு, இயன்ற இடங்களைத் தாமே கிரயம் பெற்றுப் பாதுகாப்பதும் அவர்கள் வழியாயிற்று. சான் ஹோசேயின் பழைய களஞ்சியம் அப்போது தனியார் வசம் இருந்தது. சங்கம் பணம் திரட்டி, அதைப் பகுதி பகுதியாக வாங்கியது. 1930-களின் முற்பகுதியில் கட்டடக் கலைஞர் ஹார்வி ஸ்மித்தின் மேற்பார்வையில் அது செப்பனிடப்பட்டது. தொடர்ந்து சுற்றுமதிலும் குடியிருப்புகளும் அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களின் வழியே உருப்பெற்றன. தேவாலயமும் திருப்பணி நிறைவுற்று, 1937-இல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. 1941-இல் சான் ஹோசே தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

அதே 1937-இல் சங்கம் மற்றொரு சொத்தையும் வாங்கியது. எஸ்பாடா என்னும் நிலையத்தின் வயல்களுக்கு நீர் கொண்டுசெல்ல, ஓர் ஓடையின் மேல் இரு வளைவுகளால் தாங்கப்பட்டு நிற்கும் கல் நீர்ப்பாலம் அது. 1740-களில் கட்டப்பட்டது. காட்சிப் பொருளாக அதை நிறுத்திவைக்க அவர்கள் எண்ணவில்லை. வாய்க்காலில் நீர் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதே நோக்கம். வழிபாட்டு மரபிலும் அதே அக்கறை தென்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் இடையர்கள் குழந்தை இயேசுவைத் தேடிச் செல்லும் கதையைச் சொல்லும் நாட்டார் நாடகம், சங்கத்தின் ஆதரவில் சான் ஹோசேயில் பல ஆண்டுகள் நடந்து வந்துள்ளது.

இத்தனைக்கும் பொருள் வேண்டும். 1948 முதல், ஏப்ரல் மாத நகர விழாவின்போது சங்கம் உணவும் இசையும் நிறைந்த திருவிழா நடத்துகிறது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி உழைக்கின்றனர். அதில் சேரும் தொகை பழைய கட்டடங்களைப் பேணும் பணிக்குச் செல்கிறது.

1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நான்கு நிலையங்களையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க வழிவகுத்தது. 2015-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. டெக்சஸ் மாநிலத்துக்கு அப்பெருமை கிட்டியது அதுவே முதன்முறை. எனினும் அப்பெண்கள் விரும்பிய பலன், பட்டயத்தைவிட அன்றாட வாழ்வில்தான் தெரிகிறது. நான்கு தேவாலயங்களிலும் இன்றும் மக்கள் வழிபடுகின்றனர். எஸ்பாடா நீர்ப்பாலத்தின் மீது இன்றும் வயலுக்கு நீர் பாய்கிறது.